மேட்டின் வெந்நீர்

ஆகஸ்ட் மாதம் முழுக்க மழை பெய்தது. ஆனால் விண்ட்லா நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமேட்டு வடிகால் ஓடையில் வந்து விழும் இடத்தில் தண்ணீர் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. மழை கூடினால் வடிகாலும் கூடி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பெய்த மழை மேட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அது போவதற்கு வேறு வழி கிடையாது.

ஆர்ச்சி டீஸ்டேலுக்கு இந்தக் கணக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. அந்த வடிகாலைத் திட்டமிட்டவனே அவன்தான். நிலக்கரி நிர்வாகத்தின் வட்டார அலுவலகத்தில் கழிவுமேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். வட இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்து மேடுகளில் பாதிக்கு மேல் அவன் பொறுப்பில் இருந்தன. மற்றவை எல்லாம் வேலை. விண்ட்லா மட்டும் ஊர். அங்கேதான் பிறந்தான், அங்கேதான் சுரங்கத்தில் இறங்கி இரண்டு வருடம் தள்ளுவண்டி தள்ளினான், அங்கேதான் பெண் எடுத்தான். மேட்டின் காலடியில் சுரங்கக்காரர்களின் தோட்டங்கள். தோட்டங்களுக்குக் கீழே, ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய செங்கல் வீடுகள். ஜெபக்கூட வரிசை என்று பெயர். அதில் நடுவீடு அவன் மனைவி ஆட்ரியின் அண்ணன், சுரங்கத்தில் வெடி வைக்கும் ஜாஸ் எமர்சனுடையது.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் வேல்ஸில் ஒரு மேடு சரிந்து, பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தை மூடியது. அதன் பிறகுதான் நாட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் தலைக்கு மேல் ஒரு மேடு இருப்பதே கண்ணில் பட்டது. விண்ட்லாவையும் வந்து அளந்தார்கள். தோட்டங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டி மேட்டின் காலுக்கு முட்டுக்கொடுப்பது என்று அலுவலகம் முடிவு செய்தது. எதிர்த்து நின்றது ஆர்ச்சி ஒருவன்தான். மேட்டைச் சாய்ப்பது கனமல்ல, உள்ளே தேங்கும் தண்ணீர். தண்ணீரை வடித்துவிட்டால் மேடு தன் காலில் தானே நிற்கும் என்று வாதாடினான். கணக்குப் போட்டுக் காட்டினான். மீன்முள்ளைப் போல் நடுவில் ஒன்றும் பக்கவாட்டில் பலவுமாக, கல் நிரப்பிய கால்வாய்களை மேட்டின் அடியில் ஓடவிட்டான். நடு வடிகால் தோட்டங்களின் தலைமாட்டில் ஒரு மூடி போட்ட தொட்டிக்கு வந்து, அங்கிருந்து மண்குழாய் வழியாகத் தோட்டங்களுக்கு அடியில் இறங்கி ஓடையில் சேரும். ஓரத்துக் கிளைகள் சில மட்டும் தொட்டிக்கு வராமல் வேலிக்கு வெளியே போய் அதே இடத்தில் விழும். தோட்டங்கள் தப்பின.

அன்று ஜெபக்கூடத்தில் ஊர் கூடியது. ஆர்ச்சி எழுந்து நின்று மேட்டைப் பற்றிச் சொன்னான். அவன் முடிப்பதற்குள் கைதட்டல் எழுந்தது. வெளியே வந்தபோது ஜாஸ் அவன் தோளில் கைபோட்டு, "எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஆம்பள கெடைக்கலன்னு நெனச்சேன். கெடைச்சிருக்கு" என்றான்.

தோட்டத்துக்காக இவ்வளவு என்றால், அது கீரைக்காக அல்ல. லீக் என்னும் வெங்காயத் தண்டுக்காக. கணுக்காலைவிடத் தடித்து, வெள்ளையாகத் திரண்டு நிற்கும் தண்டு. செப்டம்பரில் சுரங்கக்காரர்களின் கிளப்பில் போட்டி. பரிசுகளைக் கோடையிலேயே கிளப்பின் ஜன்னலில் அடுக்கி வைத்துவிடுவார்கள்: துணி துவைக்கும் இயந்திரம், கம்பளம், சாப்பாட்டு மேசை. விண்ட்லாவில் பல வீடுகளின் சாமான்கள் தண்டு கொண்டுவந்தவைதான். எவன் எந்த உரம் போடுகிறான் என்று மனைவிக்கும் சொல்லமாட்டான். புளித்த பீர் என்பான் ஒருவன், ஆட்டுச்சாணத்தை ஊறவைத்த தண்ணீர் என்பான் இன்னொருவன். சொன்னது எதுவோ அது மட்டும் நிச்சயமாகப் பொய்.

தோட்டம் இல்லாதவன் என்பதால் தண்டுகளை அளக்கும் பொறுப்பு ஆர்ச்சிக்கு. சுற்றளவு, நீளம், இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் கன அளவு. அவன் சொன்ன எண்ணை யாரும் மறுத்ததில்லை. கடந்த இரண்டு வருடமும் முதல் பரிசு ஜாஸுக்கு. போன வருடம் பிரிட்ஜ். ஜாஸின் வீட்டில் ஒன்று இருந்ததால் அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டான்.

செப்டம்பர் முதல் வியாழன் காலையில் ஆர்ச்சி மேட்டின் மேல் ஏறினான். மேட்டுக்குள் செங்குத்தாக இறக்கியிருந்த அளவுக்குழாயில் நாடாவை விட்டான். இன்னும் போகும், இன்னும் போகும் என்று நினைத்திருந்த இடத்துக்கு வெகு மேலேயே நாடாவின் முனை தண்ணீரைத் தொட்டுவிட்டது. இன்னொரு குழாயில் விட்டான். அங்கும் அப்படியே. பிறகு மேட்டின் விளிம்பை ஒட்டி நடந்தான். புல் முளைத்த இடத்தில் வளைந்த ஒரு விரிசல். உட்கார்ந்து கையை உள்ளே விட்டான். முழங்கை வரை போயிற்று. உள்ளே இருந்து வெதுவெதுப்பான, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் காற்று வந்தது. மேட்டின் வயிற்றில் பல வருடங்களாக நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. கழிவோடு போன கரித்தூள் தானே பற்றிக்கொண்டது. பனி விழுந்தாலும் அந்தச் சரிவில் தங்காது.

எழுந்து கீழே பார்த்தான். நேர் கீழே தோட்டங்கள், அவற்றுக்குக் கீழே புகைபோக்கிகள்.

அப்போதும் அவன் வழக்கமான காரணத்தைத்தான் நினைத்தான். இரும்புத் துரு படிந்து வடிகால் அடைத்துக்கொள்வது உண்டு. போன இரண்டு வருடமும் ஓட்டம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. குளிர்காலம் வறண்டுபோனதால் என்று முடிவு கட்டியிருந்தான். துருதான், இறங்கிச் சுரண்டிவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டே தோட்டங்களின் தலைமாட்டுக்கு வந்தான்.

தொட்டியின் மூடிமேல் ஜாஸின் உரப்பெட்டி இருந்தது. ஆர்ச்சி அதை இழுத்து நகர்த்தினான். அடியில் உருளை வைத்திருந்ததால் சுலபமாக நகர்ந்தது. அதுவே அவனுக்கு ஒரு மாதிரியாகப் பட்டது. மூடியைத் தூக்கினான். ஆவி முகத்தில் அடித்தது. தொட்டி விளிம்பு வரை நிறைந்து நின்றது. சுரங்கத்தில் காற்றுக்குப் பயன்படுத்தும் ரப்பர் குழாய்கள் நாலைந்து அதிலிருந்து கிளம்பி, புல்லுக்கு அடியில் மறைந்து, தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போயின.

சட்டையைக் கழற்றிவிட்டு, குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டான். வெளியேறும் குழாயின் வாயைத் துழாவினான். மரக்கட்டை ஒன்று அறைந்திருந்தது. அதைச் சுற்றிலும் களிமண். களிமண்ணைச் சும்மா அப்பவில்லை. கையளவு உருளைகளாக உருட்டி, ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி ஒரு திருகு திருகியிருந்தது. பாறையில் வெடிமருந்து வைத்த துளையை அப்படித்தான் அடைப்பார்கள். ஊரில் வெடி வைப்பவர்கள் பலர்; இப்படிக் கடைசியில் ஒரு திருகு திருகுபவன் ஒருவன்தான். ஆர்ச்சி சுரங்கத்தில் இருந்தபோது அந்த விரல்களை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

கையை எடுத்துவிட்டுத் தண்டுகளைப் பார்த்தான். ஒவ்வொரு தண்டைச் சுற்றியும், வெயில் படாமல் வெளுப்பதற்காக, சாண் உயரத்தில் ஒரு மண் வளையம். செம்மண் நிறம். உட்புறம் மெருகு. அவன் அலுவலகத்தில் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்டு வரவழைத்த வடிகால் குழாய். தோட்டத்துக்கு அடியில் புதைத்ததைத் தோண்டி எடுத்து, துண்டு துண்டாக அறுத்து, தண்டுகளுக்குச் சட்டை மாட்டியிருந்தார்கள். ஆக, தொட்டிக்குக் கீழே குழாயே இல்லை. ஆகஸ்ட் முழுக்க ஓடையில் வந்து விழுந்தது அந்த ஓரத்துக் கிளைகளின் தண்ணீர் மட்டும்தான்.

"மூடு மாப்ள. சூடு போயிடும்."

ஜாஸ் வேலிக் கதவருகே நின்றான். சுரங்கத்தில் காலை முறை வேலை முடிந்து குளித்துவிட்டு வந்திருந்தான். இமை ஓரத்தில் மட்டும் கரி மை மாதிரி ஒட்டியிருந்தது.

"இது என்ன மச்சான்?"

"தண்ணி."

"எவ்வளவு நாளா?"

"மூணாவது வருஷம். மொத ரெண்டு வருஷம் பாதிதான் அடைச்சோம். இந்த வருஷம் ஏப்ரல்ல காஞ்சு கெடந்துச்சு, முழுசா அடைச்சிட்டோம். ஏப்ரல்ல வேர் சூடா இருந்தா தண்டு என்ன ஓட்டம் ஓடுதுங்கற. கொஞ்சம் சுண்ணாம்பு மட்டும் கலந்துக்கணும்."

"அடைச்சோம்னா, யார் யாரு?"

"குழாய எண்ணிக்கோ. பிரிச்சுப் பிரிச்சு எல்லாருக்கும் போகுது. நான் ஒருத்தனே குடிக்க நான் என்ன குதிரையா?"

ஆர்ச்சி சட்டையைப் போட்டுக்கொண்டான். "மேட்டுக்குள்ள தண்ணி ஏறி நிக்குது. மேல விரிசல் விட்டிருக்கு. கை உள்ள போகுது."

"உன் கை ஆபீஸ் கை. எங்க வேணா போகும்."

"கீழ சுரங்கத்துல செவுத்துல ஒரு சொட்டு கசிஞ்சா நீ எப்படி நிப்ப? மூச்சு விடமாட்டியே."

"அது கீழ. கீழ தண்ணி வந்தா ஓட எடமில்ல. இது எப்படியும் ஓடைக்குப் போற தண்ணி. போற வழியில எங்ககிட்ட நாலு நாள் தங்கிட்டுப் போகட்டுமேன்னு பாத்தோம்."

"போகல மச்சான். தங்கிடுச்சு."

ஜாஸ் குனிந்து ஒரு தண்டின் இலையை நீவிவிட்டான். "நீதான சொன்ன. ஜெபக்கூடத்துல எழுந்து நின்னு, இந்த மேடு நிக்கும்னு. உன் பேச்ச நம்பித்தான் கைவெச்சோம். வேற எவனாவது சொல்லியிருந்தா இதத் தொட்டிருப்போமா?"

"தண்ணி வடிஞ்சா நிக்கும்னு சொன்னேன்."

"அந்தக் கடைசிப் பாதி கைதட்டுல கேக்கல."

ஜாஸ் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். முதன்முறையாக ஜாஸின் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது.

"உனக்கு நெஜமாவே தெரியாதா? நாங்க தெரியும்னுல்ல நெனச்சோம். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்க, நம்ம ஆளு, கண்ண மூடிக்கிட்டான்னு. அளக்கறப்ப உன் பக்கத்துல வெக்கற விஸ்கி எதுக்குன்னு நெனச்ச?"

அளக்கும்போது ஆட்கள் கண்ணடித்தது நினைவுக்கு வந்தது. கிளப் செயலாளர் ரால்ஃப் ஹெட்லி முதுகில் தட்டி, "உன்ன மாதிரி ஒருத்தன் ஆபீஸ்ல இருக்கறது ஊருக்குப் பாக்கியம்" என்றது நினைவுக்கு வந்தது. அதையெல்லாம் பிரியம் என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

"அடைப்ப எடுக்கணும். ஞாயித்துக்கிழமை பெருமழைன்னு ரேடியோல சொல்றான்."

"எடுத்தா தண்ணி எங்க போகும்? கீழ குழாய் இல்ல. எங்க பாத்தி வழியாத்தான் போகும். அடுத்த வாரம் போட்டி முடியட்டும், அன்னைக்கி சாயங்காலமே நானே என் கையால உருவறேன்."

"உன் கட்டில் அதுக்குக் கீழதான் இருக்கு மச்சான்."

"பொறந்ததுலருந்து அங்கதான் இருக்கு. எதுக்கும் ஆட்ரிகிட்டயும் ஒரு வார்த்த கேளு, அவ இவ்வளவு நாளா..." என்றவன் நிறுத்திக்கொண்டான். நிறுத்தியது போதுமானதாக இருந்தது.

ஆர்ச்சி முதலில் தபால் நிலையத்துக்குப் போய் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினான். ஜெபக்கூட வரிசையைக் காலி செய்ய வேண்டும், போலீஸ்காரரை அனுப்புங்கள், தண்ணீரைச் சனிக்கிழமைக்குள் இறக்கியாக வேண்டும் என்றான். மேலதிகாரி எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியில், "டீஸ்டேல், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

மறுமுனையில் பேனா எதையோ எழுதும் சத்தம் கேட்டது. "சரி" என்றார். அந்தச் சத்தத்தை ஆர்ச்சி வீடு வரை சுமந்துகொண்டு போனான்.

ஆட்ரி அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் கதவருகே நின்ற விதத்திலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கையை நிறுத்தவில்லை.

"யாரு சொன்னது? ஜாஸா?"

"நானே பாத்தேன். உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"மொத வருஷத்துலருந்து. பெல்லா சொன்னா." பெல்லா ஜாஸின் மனைவி.

"நீயும் எனக்குத் தெரியும்னு நெனச்சியா? எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்களாம்."

"இல்ல கண்ணு. உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்." மாவைத் திருப்பிப் போட்டாள். "தெரிஞ்சா நீ சும்மா இருக்கமாட்ட. அதான் சொல்லல. சொன்னா எங்கண்ணனா நீயான்னு ஆயிடும். தெரியாம இருந்தா உனக்கும் நிம்மதி, அவங்களுக்கும் நிம்மதி."

"கீழ ஆளுங்க படுத்துத் தூங்கறாங்க ஆட்ரி. எங்கூட ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு..."

"நீதான நிக்கும்னு சொன்ன. நான் நம்பினேன். கட்டின புருஷன் பேச்ச நம்பறது குத்தமா?"

அவளுக்குப் பின்னால் பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. ஆர்ச்சி அதைப் பார்க்காமல் பார்த்தான். அதற்குள் இருந்த பாலையும் வெண்ணெயையும் ஒரு வருடமாக அவன் சாப்பிட்டிருக்கிறான். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. ஊர் முழுக்க ஒரு அறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க, தான் மட்டும் வெளியே நின்று அது தன்னை வாழ்த்தும் சத்தம் என்று நினைத்துக்கொண்டதைப் போல ஒரு கூச்சம்தான் வந்தது.

சாயங்காலம் போலீஸ்காரரோடு வீடு வீடாகப் போனான். போர்வையையும் கூண்டுப் புறாக்களையும் தூக்கிக்கொண்டு ஜெபக்கூடத்துக்குப் போனார்கள் சிலர். மற்றவர்கள் வாசலிலேயே நிறுத்திப் பேசினார்கள்.

"நீ கட்டினதுதான? உன் சாமானே உனக்கு நம்பிக்கையில்லயா?"

"தண்டு வளக்கத் தெரியாதவனுக்குத் தண்டப் பாத்தாலே எரியும்."

ஜாஸ் கதவையே திறக்கவில்லை. பெல்லா மட்டும் ஜன்னலைத் தூக்கி, "அவர் தூங்கறாரு. எழுப்பினா உன்னத்தான் திட்டுவாரு" என்றாள். அன்று இரவு பெல்லா பிள்ளைகளோடு ஜெபக்கூடத்தில் படுத்தாள். ஜாஸ் வரவில்லை.

மறுநாள் கிளப்பில் கூட்டம். ஆர்ச்சி ஒரு வழியோடு போனான். நேற்று ராத்திரி முழுக்க யோசித்து வரைந்தது. தொட்டியிலிருந்து வடக்கு வேலியை ஒட்டி ஒரு கால்வாய் வெட்டினால் தண்ணீரைத் தோட்டங்களுக்கு வெளியே திருப்பி ஓடையில் விடலாம். முப்பது பேர் மண்வெட்டியோடு வந்தால் நாளை மதியத்துக்குள் முடிந்துவிடும். நிலத்தைத் தோண்டுவதையே பிழைப்பாகக் கொண்ட ஊரில் முப்பது பேர் ஒரு பொருட்டல்ல. தண்டுகளும் பிழைக்கும். கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினான். தலைகள் ஆடின. ரால்ஃப் ஹெட்லி கூட, "இது பேச்சு" என்றார்.

பிறகு ஒருவன் கேட்டான்: "அந்தக் கோடு வளையற எடம் யாரு தோட்டம்?"

"ஓரத்துல இருக்கற மூணு தோட்டமும் கொஞ்சம் போகும்."

"என்னோடதா?"

"உன்னோடது பாதி."

"தெற்குப் பக்கமா வெட்டலாமே."

"தெற்குல தரை ஒசரம். தண்ணி ஏறாது."

"ஏறாதுன்னு நீ சொல்ற. மேடு நிக்கும்னும் நீதான் சொன்ன."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது. தெற்குத் தோட்டக்காரர்கள் வடக்கு என்றார்கள், வடக்குக்காரர்கள் தெற்கு என்றார்கள். அவரவரும் வெட்டத் தயார்; அடுத்தவன் பாத்தியில். ஜாஸின் தோட்டம் நடுவில் இருந்தது. எந்தப் பக்கம் வெட்டினாலும் அவனுக்கு ஒரு தண்டு போகாது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து வந்திருப்பார்கள். வெடிக்காரன் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. ஆர்ச்சி அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜாஸ் தன் கோப்பையின் நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மதியம் வரை ஆர்ச்சி தொட்டியருகே காத்திருந்தான். அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு ஆட்கள் மட்டும் மண்வெட்டியோடு வேலி ஓரத்தில் கொஞ்ச தூரம் வெட்டினார்கள். அது எந்த மூலைக்கும் போதாது. மேற்கே வானம் ஈயமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. மேலே போய் நாடாவை விட்டுப் பார்த்துவிட்டு வந்தான். தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. விரிசலின் ஒரு உதடு மறு உதட்டைவிடத் தாழ்ந்திருந்தது.

கட்டையை ஒரேயடியாக உருவினால் பாய்ச்சல் மேட்டின் காலையே அரித்துவிடும். நீண்ட துரப்பணத்தை இறக்கி, கட்டையில் முதலில் ஒரு துளை, ஓட்டத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று போடச் சொன்னான். வேலையை ஆட்களிடம் விட மனமில்லாமல் கடைசியில் தானே கைப்பிடியை வாங்கிக்கொண்டான்.

தண்ணீர் அறுந்த குழாயின் வாயிலிருந்து பொங்கி வந்தது. காவி நிறம். ஆவி பறந்தது. முதல் பாத்தியில் நிரம்பி, வரப்பைத் தாண்டி, இரண்டாவதில் இறங்கியது. ஏப்ரலிலிருந்து பிள்ளையைப் போல் வளர்த்த தண்டுகள் வேரோடு சாய்ந்தன. மண் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு உருண்டு போயின. ஊர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தது. ஜாஸ் தன் தோட்டத்துக்குள் நின்றான். தண்ணீர் அவன் காலணியை மூடியது. அவன் நகரவில்லை, ஒரு தண்டையும் பிடுங்கிக் காப்பாற்றவில்லை.

ஆட்ரி பெல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றாள். இந்தப் பக்கம் வரவில்லை.

ஞாயிறு காலையிலிருந்து திங்கள் வரை மழை ஊற்றியது. ஆர்ச்சி மழைக்கோட்டோடு மேட்டின் மேலும் கீழும் நடந்தான். மேடு நின்றது. ஒரு கூழாங்கல் கூட உருளவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட வரிசைக்காரர்கள் புறாக்களோடு திரும்பி வந்து தங்கள் கதவுகளைத் திறந்தார்கள். திறந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறை மேட்டை அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு ஆர்ச்சியைப் பார்த்தார்கள்.

"நின்னுடுச்சே" என்றார் ரால்ஃப் ஹெட்லி. அவ்வளவுதான் சொன்னார்.

போட்டி நடந்தது. மேட்டுக்குத் தொலைவில், பெரிய சாலைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பரிசுகளைக் கொண்டுபோனார்கள். தண்டுகளை அளந்தது பள்ளி ஆசிரியர். ஆட்ரி போய்விட்டு வந்தாள். யார் ஜெயித்தது என்று அவன் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். உப்பை நகர்த்துவதற்கு வேண்டியதைப் பேசினார்கள்.

வடிகாலை மட்டும் நம்பியது தன் தவறு, வடிகாலை மனிதர்கள் தொடுவார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஆர்ச்சி அலுவலகத்தில் சொன்னான். கருங்கல் முட்டு போடுவது என்று முடிவாயிற்று. தோட்டங்கள் முழுவதும் போகும்.

அக்டோபரில் கல் வண்டிகள் வர ஆரம்பித்தன. கல்லுக்கு அடியில் சரளை, அதற்கு அடியில் மணல் என்று அடுக்கு அடுக்காகப் போட வேண்டும். நேராகக் கல்லைக் கொட்டினால் மேட்டின் நுண்தூள் கல்லிடுக்கில் ஏறி அடைத்துக்கொள்ளும். ஆர்ச்சி ஒவ்வொரு வண்டியையும் நின்று பார்த்தான். மூன்றாம் நாள் ஜாஸ் வந்தான். தன் கொட்டகையைப் பிரித்துப் பலகைகளை எடுத்துப்போக வந்திருந்தான். பலகைகளைக் கட்டிவிட்டுப் போகாமல் நின்றான். தண்டுகள் போன அன்றிலிருந்து அவன் ஆர்ச்சியோடு பேசியதில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்."

"கேளு மச்சான்."

"நீ தெறக்காம விட்டிருந்தா விழுந்திருக்குமா?"

ஜாஸின் குரலில் வம்பு இல்லை. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது ஆர்ச்சிக்குத் தெரிந்தது. விழுந்திருக்கும், உன் வீட்டை மூடியிருக்கும், பெல்லாவை மூடியிருக்கும் என்று சொன்னால் ஜாஸ் அதை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போவான். ஊருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆட்ரி அண்ணன் வீட்டிலிருந்து சிரித்துக்கொண்டு வருவாள். ஜாஸ் அதற்காகத்தான் கேட்கிறான். அந்த ஒரு வார்த்தையை நீட்டு என்றுதான் சொல்கிறான்.

தண்ணீர் ஏறிய உயரத்தை வைத்து ஆர்ச்சி அதற்குப் பிறகு பலமுறை கணக்குப் போட்டிருந்தான். சாய்வு, மண்ணின் பிடிப்பு, தண்ணீரின் அழுத்தம். ஒரு முறை விழும் என்று வந்தது. ஒரு முறை மயிரிழையில் நிற்கும் என்று வந்தது.

"தெரியல" என்றான்.

"தெரியலயா?"

"விழுந்திருக்கலாம். நின்னுமிருக்கலாம். கணக்கு ரெண்டு பக்கமும் சொல்லுது."

ஜாஸ் தலையை மெதுவாக ஆட்டினான். "அன்னைக்கி ஜெபக்கூடத்துல மட்டும் தெரிஞ்சுதே."

"அன்னைக்கி உங்களையும் என் பக்கம்னு நெனச்சுக் கணக்குப் போட்டேன்."

ஜாஸ் பலகைக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய வீட்டைப் பார்த்து நடந்தான். பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "எங்க கொட்டறது?" என்று கேட்டான். ஆர்ச்சி போய் ஏறிப் பார்த்தான். சரளையில் மண் கலந்திருந்தது. திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னான்.